இடப்பக்கத்துக் கற்கள்

2024 பிப்ரவரி 18, ஞாயிறு. காலை 4.20க்கு எழுந்தேன். வெந்நீரில் உப்பு போட்டுத் தொண்டையைக் கொப்பளித்தேன். மூன்றாவது நாளாகக் குரல் எழும்பவில்லை. சைக்கிளின் இரண்டு டயர்களுக்கும் காற்றடித்து அளவு பார்த்தேன். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் கரைத்தது, நான்கு பேரீச்சம்பழம், ஒரு மாற்று டியூப். முன்விளக்கும் பின்விளக்கும் எரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, 4.55க்குத் திண்டிவனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் நான் ஒருவன்தான். சொல்லிக்கொள்ள வேண்டியவர்கள் யாரும் இல்லை.

கூட்டேரிப்பட்டு டீக்கடை வாசலில் நண்பர் நின்றிருந்தார். பக்கத்து ஊரில் ஆறு ஏக்கர் வைத்து நெல்லும், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறவர். எனக்கு நாற்பத்தொன்பது, அவருக்கு ஐம்பத்தொன்று. நான் நில அளவைத் துறையில் வரைவாளர். அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரித்தபோது அவருடைய நிலத்துக்கு உட்பிரிவு வரைபடம் போட்டேன். அப்படித்தான் பழக்கம். வரைவாளர் என்பது அவர் வாயில் நுழையாது. எனக்கு அவர் வைத்த பெயர் சர்வேயர்தான்.

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "இன்னிக்கு குரல் இல்ல. கைதான்" என்று கிசுகிசுத்தேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. டீ கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, "அப்பாடா. இன்னிக்காவது அந்த ஸ்பீடுல போற, இந்த ஸ்பீடுல போறன்னு கணக்கு சொல்லமாட்ட. வா" என்றார்.

இந்தக் 'கைதான்' என்பதை விளக்க வேண்டும். சாலையில் மெல்லிய டயர் சைக்கிளில் வேகமாகப் போகிறபோது, பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். அதனால் குழியோ கண்ணாடித் துண்டோ வந்தால் முன்னால் போகிறவர் கையைக் கீழே இறக்கி அந்தப் பக்கம் காட்ட வேண்டும். ஆறு ஆண்டுகளாக எங்களுக்குள் அதுதான் வழக்கம். கடந்த ஆடி மாதம் நண்பர், கை வேண்டாம், வாயால் சொல் என்று கேட்டார். கையை எடுத்தால் என் சைக்கிள் ஆடுகிறதாம். நான் அதன்படி 'லெப்ட்ல குழி', 'ரைட்ல கல்லு' என்று கத்திக்கொண்டு போய்ப் பழகியிருந்தேன்.

நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினோம். செஞ்சி மலைகளை நோக்கிப் போகிற உள்சாலை அது. 6.30க்கு மேல் முதுகில் வெயில் படத் தொடங்கியது. இருபுறமும் மல்லாட்டைக் கொல்லைகள், அப்புறம் அறுத்து முடித்த நெல் வயல்கள். அதற்கு மேல், யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல் பாறைகளாய்க் குவிந்த குன்றுகள். இரண்டு குன்றுகளுக்கு நடுவில் சாலை ஒரே சீராக ஏறும். ஏற்றத்தில் நண்பர் என்னைவிட எப்போதும் வேகம். ஆனால் அன்றும் என் பின்னாலேயே வந்தார். முன்னால் போகச் சொல்லிக் கையசைத்தேன்.

"போய்யா நீ. உனக்கு முன்னாடி போனா, அப்புறம் காத்த தடுத்துக் குடுத்தேன்னு நான் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கும்."

உச்சியில் நிற்காமல் இறங்கினோம். வேகம் 34 வரை போனது. ஒரு வளைவு. வளைவு தாண்டியதும் சாலையின் இடது பாதி முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் தார்ச்சாலைதான் களம். வண்டி ஏறாமலிருக்க நெல்லைச் சுற்றித் தேங்காய் அளவுக் கற்களை அடிக்கு ஒன்றாக வைத்திருப்பார்கள். நான் பார்த்தேன், இடது கையைக் கீழே நீட்டிக் காட்டினேன், வலப்பக்கம் ஒதுங்கிப் போய்விட்டேன்.

பின்னால் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது.

முதல் கல்லிலேயே அவருடைய முன்சக்கரம் ஏறியிருந்தது. நெல்லின் மேல் மூன்று மீட்டர் வழுக்கிக்கொண்டு போய்க் கிடந்தார். நெல் மெத்தை மாதிரி இருந்ததால் தலை தப்பியது. இடது உள்ளங்கை தோலுரிந்து, முழங்கையில் ரத்தம். நேரம் 7.48.

காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்தார். "கண்ணு இன்னா பொடனியிலயாய்யா இருக்குது? இம்மாம் பெரிய கல்லு வச்சிருக்கேன், கோயில் தேராட்டம் நேரா வந்து ஏத்துற!" என்றார். அப்புறம் ரத்தத்தைப் பார்த்தார். "அய்ய, கைய காட்டு" என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்தார்.

நண்பர் சிரித்தார். "கோச்சுக்காதம்மா. நானும் இதே மாதிரி கல்லு வைக்கிறவன்தான். என் கல்லுல எவனாவது ஏத்துனா நான் உன்னவிட அசிங்கமா திட்டுவேன்" என்றார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, சிதறிய நெல்லைக் கூட்டப் போனார். நண்பர் குனிந்து, புரண்டுபோன இரண்டு கற்களைப் பழைய இடத்தில் வைக்கப் பார்த்தார். ஒன்றை வைத்தார். அடுத்ததைத் தேடினார். அது அவருடைய இடது காலை ஒட்டிக் கிடந்தது. தேடிக்கொண்டே இருந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச தூரம் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்து, ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்தோம்.

"அந்தப் பக்கம் இல்ல சர்வேயரு" என்றார் அவர். "இடது கண்ணு அவுட்டு. ஆடி மாசம் பாண்டிச்சேரில காட்டுனேன். கண்ணுக்குள்ள பிரஷர் ஏறிப்போச்சாம். சொட்டு மருந்து உட்டுக்கினு இருக்கேன். வலது கண்ணுலயும் மூக்கோரமா அரிச்சிக்கினு வருதாம். மருந்து உட்டா மேல போவாம நிக்கும், போனது போனதுதான்னு சொல்ட்டாங்க."

நான் செய்தது இது: காற்றடிக்கும் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எதிரே இருந்த பனைமரத்தை நேராகப் பார்க்கச் சொன்னேன். வலது காதுப் பக்கத்திலிருந்து பம்பை மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். "தெரியுது" என்றார் உடனே. பிறகு இடது காதுப் பக்கம். கொண்டுவந்தேன், கொண்டுவந்தேன். அவர் பனைமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பு ஏறக்குறைய அவருடைய மூக்குக்கு நேரே வந்தபோதுதான் "இப்ப" என்றார். இருபது டிகிரிகூட இருக்காது. மறுபடி ஒருமுறை அளந்தேன். அதேதான்.

"பட்டா போட்டுக் குடுத்துடுவியா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனம் அவருடைய மகளிடம் போயிருந்தது. ஏழாம் வகுப்பு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஏழரைக்கு அவளை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, நெடுஞ்சாலையில் லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு திண்டிவனம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்.

"பாப்பாவ வண்டியில கூட்டிட்டுப் போகாதே" என்றேன். காற்றுதான் வந்தது. அவருக்குப் புரிந்தது.

"பஸ்ஸுல போனா முதல் பீரியடு போயிடும். வேன் எங்க ஊருக்குள்ள வராது. வீட்ல சொன்னா இன்னிக்கே சாவிய புடுங்கி ஒளிச்சி வச்சிடும். அப்புறம் டிராக்டரு ஓட்டாத, அப்புறம் கிணத்தாண்ட போவாத. நான் இன்னா, மூலையில உக்காந்துக்கினு மல்லாட்டை உரிக்கறதா? ஹைவேஸு நேர் ரோடுய்யா. பழகுன ரோடு."

"இதுவும் பழகுன ரோடுதான்."

அவர் அடிபடாத வலது கையை என் முன் நீட்டினார். "சொல்லாத. கையில அடிச்சி குடு." நான் கையைக் கொடுக்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடி இருந்துவிட்டு, கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார்.

திரும்பும்போது அவருக்கு இடப்பக்கமாக, அரை சக்கரம் முன்னால் நானே ஓட்டினேன். அவருடைய வீட்டுக்கு வந்தபோது 10.15. அவர் மனைவி கையைப் பார்த்துவிட்டு மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணா, நீங்க கூட இருந்துமா இப்படி? குழந்தையாட்டம் பாத்துக்குவீங்கன்னுதானே ஞாயித்துக்கெழமை ஆனா உடறேன்" என்றார் என்னிடம்.

"அவர ஒண்ணியும் கேக்காத, தொண்டை கட்டிக்கினு இருக்குது" என்றார் நண்பர்.

அவர் மனைவி எனக்குச் சுக்குக் காப்பி போட்டுத் தந்தார். மகள் கூடத்தில் உட்கார்ந்து வரைபடத் தாளில் ஆறுகளுக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். காப்பியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். வந்துவிட்டேன்.

மாலையில் பழைய நாட்குறிப்பை எடுத்தேன். ஜூலை 23: "கை காட்ட வேண்டாம், வாயால் சொல்லச் சொன்னார்." செப்டம்பர் 17: "முன்னால் போக மறுத்தார். முட்டி வலி என்கிறார்." நவம்பர் 5: "டீக்கடையில் கிளாஸை மேசை விளிம்புக்கு வெளியே வைத்தார், உடைந்தது." டிசம்பர் 24: "இன்று இருமுறை இடப்பக்கமாக என்மேல் இடித்தார். கவனக்குறைவு." எல்லாம் என் கையெழுத்து. நாள் தவறாமல், கிலோமீட்டரோடு எழுதியிருக்கிறேன். நான்கையும் சேர்த்து ஒருமுறைகூடப் படித்ததில்லை. அன்று காலை கை காட்டினால் போதும் என்று நான் சொன்னபோது அவர் ஏன் ஒரு நொடி சும்மா இருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. முடியாது என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

6.40க்கு அவர் மனைவியின் எண்ணுக்குப் போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று தாளில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தேன்.

"யாரு? அண்ணனா? ஒண்ணும் கேக்கலையே... ஹலோ? இருங்க, அவர்கிட்ட குடுக்கறேன்."

"வேண்டாம்" என்றேன். அதுவும் கேட்கவில்லை.

"இன்னா சர்வேயரு" என்றது நண்பரின் குரல். "என்கிட்ட பேசணும்னா என் போனுக்குப் பண்ண மாட்டியா?" அவர் வாசலுக்கு நடந்து போவது கேட்டது. குரலைத் தாழ்த்தினார். "சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாதய்யா. பாத்து ஓட்டறேன்."

எதை வைத்துப் பார்ப்பார் என்று கேட்கவில்லை. செய்தியாக எழுதி அனுப்பலாம் என்று தட்டச்சு செய்தேன். அவர் மனைவியின் போனுக்கு வரும் செய்திகளை மகள்தான் படித்துச் சொல்வாள் என்பது நினைவுக்கு வந்ததும் அழித்துவிட்டேன். பிறகு நாட்குறிப்பில் 61.4 கிலோமீட்டர் என்று எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில் எதுவும் எழுதாமல் மூடினேன். ஆறு ஆண்டுகளில் அந்த இடம் காலியாக இருப்பது இதுவே முதல் முறை.

மறுநாள் திங்கள். அலுவலகம் பத்து மணிக்குத்தான். வழக்கமாக எழுந்ததும் கொப்பளித்து, நாட்காட்டித் தாளைக் கிழிப்பேன். அன்று முதல் வேலையாக மோட்டார் சைக்கிளின் காற்றைப் பார்த்துவிட்டு 6.45க்குக் கிளம்பினேன். 7.15க்கு அவர் வீட்டு வாசல். அவர் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். இடது கையில் கட்டு. மகள் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

குரல் லேசாகத் திரும்பியிருந்தது. "கிளட்ச் புடிக்கிற கை. ஆறுற வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன், அவர் மனைவிக்கும் கேட்கும்படி.

"நல்லதா போச்சு. நானே சொல்லணும்னு இருந்தேன். இவரு கேக்கமாட்டாருண்ணா" என்றார் அவர்.

நண்பர் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எத்தினி நாளு ஆவும் சர்வேயரு, ஆறுறதுக்கு?"

"ஒரு பத்து நாள்."

"பத்து" என்றார்.

மகள் பின்னால் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் வழியனுப்ப என் இடப்பக்கம் வந்து நின்று கையசைத்தார். கொஞ்சம் தப்பிய திசையில். நான் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சரிசெய்தேன். 7.24க்கு நெடுஞ்சாலையில் ஏறினோம்.