ஓடிலின் கையெழுத்து

எங்கள் தெருவில் ஓடில் ப்ரூவின் கையெழுத்தைத் தெரியாதவர் கிடையாது. கன்னியர் மடப் பள்ளியில் அடி வாங்கிக் கற்ற எழுத்து. பெரிய எழுத்துகளுக்கெல்லாம் கொடி கொடியாக வால் வைப்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை, சகல புனிதர் திருநாளுக்கு முன்னால், அந்த எழுத்தில் எல்லா வீட்டுக்கும் விருந்து அழைப்பு உறை வரும். கல்லறைகளுக்கு வெள்ளையடித்த கையோடு அவள் வீட்டு முற்றத்தில் நண்டும் இறாலும் போட்ட கம்போ குழம்பு. இறால் படகுக்காரரான புருஷன் இறந்த பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியான நான் நாற்காலி தூக்கிக்கொண்டு போவேன்.

ஓர் ஆகஸ்டில், காலம் தப்பி அந்த உறை வந்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டே பிரித்தேன். உள்ளே அவள் மகன் கர்ட்டின் புகைப்படம். பதினான்கு வயதுப் பெண்ணிடம் அவன் செய்த பாலியல் குற்றம், வழக்கு எண், இனி அவன் தங்கப்போகும் முகவரி. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்.

அவன் செய்ததில் சந்தேகமே இல்லை, அவனே ஒப்புக்கொண்டவன். ஒன்பது வருஷம் உள்ளே இருந்தான். வெளியே வந்தால் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடு விடாமல் அவனே கடிதம் போட்டுத் தெரிவிக்க வேண்டும், அது எங்கள் ஊர்ச் சட்டம். எனக்கு ஒன்பது வயதில் மகள். சட்டம் சரி என்றே நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது அந்த வால் வைத்த எழுத்தைப் பார்த்துத்தான். நேராகப் போய்க் கதவைத் தட்டினேன்.

"மிஸ் ஓடில், இதை எதுக்கு நீங்க எழுதுனீங்க? விருந்துன்னு நினைச்சு ஆசையாப் பிரிச்சேன்!"

"அவன் கிறுக்கல் தபால்காரனுக்கே புரியாது, மார்லா. ஒரு வீடு விட்டுப்போனாலும் மறுபடி உள்ள தள்ளிடுவாங்க. நாப்பத்தொரு உறைம்மா. கை கடுத்துப் போச்சு."

"அவனை ஏன் இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"வேற யாரு கூட்டிட்டுப் போவா?"

நான் திரும்பி வந்துவிட்டேன். கோபம் மட்டும் அடங்கவில்லை. அன்றிலிருந்து வேலியோரப் பேச்சு நின்றது. தெருவே அவளைக் கண்டால் நடையை எட்டிப் போட்டது. அந்த வருஷம் அவள் விருந்துக்கு யாரையும் கூப்பிடவில்லை, அடுத்த வருஷமும்தான். பிள்ளைகள் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வரும் சாயங்காலத்தில், சட்டப்படி, கர்ட் இருக்கும் அந்த வீட்டில் விளக்குப் போடக் கூடாது. ஜன்னலோரம் அவள் இருட்டில் உட்கார்ந்திருப்பது தெரியும். நான் திரையை இழுத்துவிடுவேன்.

மூன்றாம் வருஷம் கோடையில் கர்ட் வடக்கே ஒரு மரக்கிடங்கு வேலைக்குப் போய்விட்டான். எனக்கு அது தெரியாது. யாரிடம் கேட்பது? அக்டோபரில் மறுபடி அதே எழுத்தில் ஓர் உறை வந்தது. அறிவிப்பைப் புதுப்பிக்கிறார்கள் என்று நினைத்து, பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

திருநாளன்று காலையில் கல்லறைத் தோட்டத்தில் அவளைப் பார்த்தேன். புருஷனின் கல்லறைக்குத் தனியாக வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

மாலையில் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். வேலிக்கு அப்பால் முற்றம் முழுக்க நாற்காலிகள். நடுவில் அந்தப் பெரிய பானை. ஓடில் மட்டும் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் ஓடி, இழுப்பறையில் கிடந்த உறையைப் பிரித்தேன்.

'கர்ட் போய்விட்டான். நண்டு நிறையப் போடுகிறேன். மூன்று மணிக்கு வாருங்கள்.'

மணி ஐந்தரை. செருப்புகூடப் போடாமல் போனேன். அவள் பானையை மூடிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தொரு வீட்டுக்கும் போட்டேனே மார்லா. என் கையெழுத்து யாருக்கும் தெரியலையா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சதாலதான் பிரிக்கல, மிஸ் ஓடில்."

அவள் மூடியைத் திறந்து, ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"அப்ப அடுத்த வருஷம் உறை மேல நீ எழுதிக் குடுத்துடு."