இருபத்திரண்டு கம்பங்களும் ஒரு தராசும்

"…ரெண்டு கிலோ ஏறியிருக்கிங்க மாமா! மூணே நாள்ல! எங்க அக்கா கைப்பக்குவம்னா சும்மாவா? ஒடம்பு தேறிக்கினு வருது. மொகத்துல களை வந்துடுச்சி பாருங்க" என்றான் தாஸ்.

தாஸ் என் மனைவி எஸ்தரின் தம்பி. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில், மரவள்ளிக் கிழங்கு வாங்கும் மண்டியில் எடை போடுகிறவன். எங்கள் வீட்டில் எடை பார்க்க எதுவும் இல்லாததால், காலையில் கிழங்கு வண்டிகள் வருமுன் அவனுடைய தராசில் ஏறி நிற்பேன். அவன் நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எடையை எழுதித் தருவான். அன்று எழுதிய கையோடு, அங்கே நின்றவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி டீ வாங்கிக் கொடுத்தான். எனக்கும் ஒன்று.

அந்த இரண்டு கிலோ சதை இல்லை, தண்ணீர்.

இதைக் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். படுத்து எழுத இன்னும் முடியவில்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இதே நோய் இருந்தால், நாங்கள் செய்த தவறு உங்களுக்கு உதவட்டும்.

நான் கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத்தை மோட்டார்களே கற்றுக் கொடுத்தன. போன மாசியில், மதியம் சாப்பிட்டுப் படுத்தால் மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும். வாயு என்று நினைத்து சோடா குடித்தேன். தலையணை இரண்டானது, மூன்றானது, கடைசியில் நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

"இன்னா, பஸ்லயா போய்க்கினு இருக்கிங்க, உக்காந்துகினே தூங்கறதுக்கு?" என்று எஸ்தர் சிரித்தாள். செருப்பு வார் காலில் ஏறாமல் போனபோதுதான் அவள் சிரிப்பு நின்றது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி டாக்டரம்மா எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமாகப் பார்ப்பது) எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன பெயர், இதயச் செயலிழப்பு. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். இதயம் நின்றுபோவது அல்ல, ரத்தத்தை இறைக்கும் வலு குறைந்துபோவது. இறைபடாத நீர் காலிலும் வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும்.

"வால்வு மாத்தினா சரியாப் பூடுங்களா?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

"உங்க வால்வெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இறைக்கிற வேகம்தான் கம்மி. இருக்கிற மோட்டாரை வச்சே ஓட்டணும்" என்றார்.

எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அன்று நான் ரசிக்கவில்லை. "வருஷத்தப் பத்தி என்னைக் கேக்காதீங்க. மூணு நாளப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

நீர் மாத்திரை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) ஏழு கிலோவை இறக்கியது. அறுபத்தொரு கிலோவோடு வீட்டுக்கு வந்தேன். கையில் கொடுத்த சீட்டில் இருந்தவை இவ்வளவுதான். நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். உப்பு குறைவு. தினமும் எடை. கொஞ்சம் கொஞ்சமாக நடை. கீழே கோடு போட்டு ஒரு வரி: மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வரவும்.

என் மகள் ஜெசி கல்வராயன் மலையில் கிராம நர்ஸ். ஜீப் ஒரு சிறு பாலத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து அவள் குவார்ட்டர்ஸுக்கு ஏற்றத்தில் நடக்க வேண்டும். அவள் மகனுக்கு அப்போது மூன்று மாதம்.

"கரண்டு கம்பத்த எண்ணிப் பாத்தேம்பா. இருவத்திரண்டு. பையன் மொத பொறந்தநாளுக்கு நீ நடந்து வரணும், ஆமா" என்றாள் போனில்.

எங்கள் ஊர் ரோட்டிலும் கம்பங்கள் இருந்தன. முதல் வாரம் ஒரு கம்பம் போய்த் திரும்பினேன். அடுத்த வாரம் மூன்று. எட்டிய கம்பத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். இருபத்திரண்டை நினைத்தால் முதல் அடியே எழாது. அதனால் அடுத்த கம்பத்தை மட்டும் பார்த்து நடந்தேன். மூன்றாம் வாரம் ஆறு.

அப்போதுதான் தாஸ் அந்த இரண்டு கிலோவைப் படித்தான்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவன் உடம்பு போட வேண்டும். போட்டால் பிழைத்துக்கொண்டான் என்று அர்த்தம். எதிர்வீட்டு ராசாத்தி அக்கா வாசலில் நின்றே சொன்னார், "போன மாசம் படத்துக்கு மால போட்ற மாதிரி இருந்திங்க. இப்ப மாப்ள கணக்கா இருக்கிங்க!" எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

சீட்டைப் படிக்காமல் இல்லை. எஸ்தரின் பைபிளுக்குள் பத்திரமாகவே இருந்தது. ஆனால் அந்த வரி தண்ணீருக்கு, இது ஆட்டுக்கால் சூப்பில் வந்த சதை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். தினமும் ஒரு பெரிய டம்ளர் சூப். அதில் எவ்வளவு உப்பு என்று யாரும் யோசிக்கவில்லை. தண்ணீர் அளவிலும் அதைச் சேர்க்கவில்லை. அது ஊட்டம் அல்லவா.

அந்த வாரம் ஆறு கம்பம் ஐந்தானது, பிறகு மூன்று. பங்குனி வெயில் என்றேன். தாஸின் தாள்களில் அறுபத்துநான்கு, அறுபத்தைந்து. ஆம்பியர் (இழுக்கும் கரண்டு) ஏறி, தண்ணீர் குறைந்தால் மோட்டார் எரியப் போகிறது என்று எத்தனை விவசாயிகளுக்குச் சொல்லியிருப்பேன். என் உடம்பில் அதைப் படிக்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகுமுன் அறுபத்தாறு. "எழுவது அடிச்சிட்டா ஊருக்கே பிரியாணி மாமா!" என்றான். மதியச் சாப்பாட்டின்போது எஸ்தரைக் கூப்பிட நினைத்தேன். 'எஸ்' வந்தது, மிச்சத்துக்கு மூச்சு இல்லை. இருமலில் நுரை வந்தது. இளஞ்சிவப்பு நிறம். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது (காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிரம்புவது) என்று பிறகு சொன்னார்கள். வண்டியில் நான் சாய்ந்துவிடாதபடி, வழி முழுக்கத் தாஸ் என்னைக் கட்டிப்பிடித்து உட்கார்த்தி வைத்திருந்தான். அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் கேட்டது. நல்ல மோட்டார்.

நான்காம் நாள் டாக்டரம்மா அந்த நாள்காட்டித் தாள்களைக் கட்டில்மேல் வரிசையாகப் பரப்பினார். "இதை யார் எழுதினது?"

"நான்தாங்க" என்றான் தாஸ்.

"ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்கீங்க" என்றார்.  தாஸ் வராந்தாவுக்குப் போய்விட்டான். வெகுநேரம் கழித்து வந்தவனிடம், என் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்திக் காட்டினார். "விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்னா, அது சதை இல்ல."

அறுபது கிலோவோடு திரும்பி வந்தேன். மறுபடியும் ஒரு கம்பத்திலிருந்து. பழைய சாக்பீஸ் கோடுகளை மழை அழித்திருந்தது.

அதன்பின் எங்கள் காலை மாறிவிட்டது. தாஸ் முதலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் காலில் விரலை அழுத்தி எடுப்பான். இருவரும் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் தராசு. எப்போதும் வாய் ஓயாதவன், அந்த நேரத்தில் மட்டும் பேசமாட்டான். சூப்பும் ரசமும் மோரும் தண்ணீர் அளவுக்குள் வந்தன. எஸ்தர் கருவாட்டுப் பானையை ராசாத்தி அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

மோட்டாரின்மேல் திருப்புளியை வைத்து, அதன் கைப்பிடியில் காது வைத்துக் கேட்போம், உள்ளே பேரிங் எப்படி ஓடுகிறது என்று. என் உடம்பை இப்போது அப்படித்தான் கேட்கிறேன். அது என்னுடையது என்ற எண்ணம் போய்விட்டது, யாரோ பழுதுக்குக் கொடுத்துவிட்டுப் போனது போல இருக்கிறது. காலமும் சுருங்கிவிட்டது. சட்டைப் பையில் மூன்று தாள்கள் மட்டும் வைத்திருப்பேன். நான்காவது வந்தால் பழையதைப் போட்டுவிடுவேன். அந்த மூன்று நாளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்படி மூன்று மூன்று நாளாகப் போய், ஐப்பசிக் கடைசியில் இருபத்திரண்டாவது கம்பத்தைத் தொட்டேன். சமதளத்தில்தான். இருந்தாலும் தொட்டேன். டாக்டரம்மாவும் "மெதுவா, உக்காந்து உக்காந்து ஏறுங்க" என்று அனுமதித்தார்.

கார்த்திகையில் பேரனின் பிறந்தநாள். வாடகை ஜீப் மண்டி வாசலில் நின்றது. எஸ்தர் மடியில் பலகாரக் கூடையோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. எடை பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

தாஸ் குத்துக்காலிட்டான். அழுத்தினான். விரலை எடுத்தான்.

குழி நின்றது.

தராசில் ஏறினேன். அவன் எண்ணைப் பார்த்தான், பையில் இருந்த தாள்களை வாங்கிப் பார்த்தான்.

"ரெண்டு கிலோ ஏறியிருக்கிங்க மாமா" என்றான். "மூணு நாள்ல."

"சட்டப் பையில போன் இருக்குதுடா, சாவி இருக்குது" என்றேன். இரண்டையும் எடுத்து அவனிடம் கொடுத்தேன். எண் அசையவில்லை. "தண்ணி ஜாஸ்தி குடிக்கல. உப்பு தொடல. ஒரு மாத்திர வுடல. நேத்துகூட இருவத்திரண்டு நடந்தேன் மச்சான். பொறந்தநாளு முடிச்சிட்டு நாளைக்கிப் போலாமே. ஒரே நாளு."

தாஸ் அன்றைய தாளைக் கிழித்து அறுபத்திரண்டு என்று எழுதி, என் பையில் செருகினான். கிழங்கு வண்டிகள் வரிசையில் நிற்க, மண்டிக் கதவை இழுத்துச் சாத்தினான். என்னை ஜீப்பின் முன்சீட்டில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, தானும் பின்னால் ஏறி, டிரைவரின் தோளைத் தட்டி, தெற்கே, கள்ளக்குறிச்சி ரோட்டைக் கை காட்டினான்.