ஒழுகலாரின் சபதம்

"அவன் தோட்டம் பொசுங்கிச் சாம்பலாப் போகட்டும். நான் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். இந்தக் கை அங்க ஒரு மூடியைக்கூடத் திருகாது."

முடிதிருத்தும் கடையில், முகத்தில் பாதி நுரையோடு குழாய்க்காரர் செய்த சபதம் இது. அவர் முடிக்கும்வரை கடைக்காரர் கத்தியை ஓங்கியபடியே நின்றார். மரியாதையால் அல்ல, ஆடுகிற தாடையில் கத்தி வைக்கத் தயங்கித்தான்.

'அவன்' என்பது தங்கையின் கணவர். பக்கத்துத் தோட்டத்துக்காரர். பகைக்குக் காரணம் ஒரு வாஷர். ஊரில் பாதிக் குழாய்களைப் பொருத்தியவர், தங்கை வீட்டுக் குளியலறையில் ஒன்றே ஒன்றை மறந்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து வீடு நிறைய விருந்தாளிகள். தண்ணீர் கூடத்தைக் கடந்து வாசலுக்கு வந்து அத்தனை பேர் செருப்பையும் மிதக்கவிட்டது. "எல்லாம் நம்ம ஒழுகல் மச்சானோட கைவண்ணம்" என்று மாப்பிள்ளை சிரித்தார். ஒரே வாரத்தில் அந்தப் பெயர் ஊரைச் சுற்றிவிட்டு இவர் வீட்டிலேயே வந்து குடியேறியது. பெற்றோர் வைத்த பெயரை இன்றைக்குத் தபால்காரர் ஒருவர்தான் நினைவில் வைத்திருக்கிறார்.

இந்த வருடம் மாப்பிள்ளை குடைமிளகாய்க்கு மாறினார். சொட்டுநீர்க் குழாய் பதிக்க வெளியூரிலிருந்து ஆட்களை வரவழைத்தார். முப்பது வருடக் குழாய்க்காரர் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்க, லாரி அந்தப் பக்கம் போய் நின்றது.

ஒழுகலார் பிளாஸ்டிக் நாற்காலியையும் பிளாஸ்கையும் வேலியோரம் கொண்டுபோய்ப் போட்டார். இந்த மனிதர் வேலைக்கு ஒருநாளும் இவ்வளவு சீக்கிரம் கிளம்பியதில்லை என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் ஏமாற்றம். பள்ளம் நேர், குழாய் நேர், பசை போட்ட இடம் சுத்தம். ஒழுகலார் வாடிய முகத்தோடு வீடு திரும்பினார்.

இரண்டாம் நாள் அதிர்ஷ்டம் வந்தது. பெரிய குழாயில், வரிசைக்கு ஒரு சின்னக் குழாய் செருக நாற்பத்தெட்டுத் துளை போட்டார்கள். துளை போடும்போது பிளாஸ்டிக் சீவல் குழாய்க்குள்ளேயே விழும். அதனால் சின்னக் குழாய்களின் கடைசி முனையைத் திறந்தே வைத்து, தண்ணீரை ஓடவிட்டு, சீவலெல்லாம் வெளியேறிய பிறகுதான் மூட வேண்டும். ஆனால் சட்டைப்பையில் நான்கு பேனா செருகிய மேஸ்திரிக்கு வேலை பார்வைக்கு லட்சணமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் போட்ட கையோடு மூடியைத் திருகிவிட்டார். இனி தண்ணீர் விட்டால் சீவல் முழுவதும் சொட்டும் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஒழுகலார் வாயைத் திறக்கவில்லை. அன்று இரண்டு மடங்கு சாப்பிட்டார். மறுநாள் நடுவார்கள், பத்தாம் நாள் வாடும், பதினைந்தாம் நாள் வேலியோரம் போய் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, ஒழுகவே மாட்டேங்குதா?" ஏழாவது தடவையில் புருவமும் சரியாக அமைந்தது.

மூன்றாம் நாள் மதியம் மாப்பிள்ளை ஆட்களைச் சாப்பிட வீட்டுக்குக் கூட்டிப் போனார். வந்ததும் மோட்டார் போட்டுவிட்டு நடவு. தங்கை மட்டும் நாற்றுத் தட்டுகளைக் கொண்டுவந்து நிழலில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மூணு நாளாப் பார்க்கிறியே. எல்லாம் சரியாத்தானே போட்டிருக்காங்க?"

"அவங்களுக்கென்ன, கெட்டிக்காரங்க."

"உன்னைக் கூப்பிடலாம்னுதான் சொன்னேன். அவர் கேட்கல." அவள் ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினாள். "நாப்பது நாளாச்சு. ஒவ்வொரு விதையும் நான் போட்டது. இது ஒண்ணுதான் சவலை. ஸ்பூன்ல தண்ணி ஊத்தி ஊத்திக் காப்பாத்திட்டேன்."

இரண்டே இலை, அதிலும் ஒன்று மஞ்சள். ஒழுகலார் அதைப் பார்த்தார். கண்ணாடி முன் நடந்த ஏழு ஒத்திகையிலும் மாப்பிள்ளையின் முகம்தான் வந்தது. தங்கை ஒருதடவைகூட வந்ததில்லை.

பிளாஸ்கை மூடினார். வேலிக் கம்பிக்குள் நுழையும்போது கால்சட்டை கிழிந்தது. வரிசை வரிசையாகப் போய் நாற்பத்தெட்டு மூடியையும் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

"மோட்டாரைப் போடு" என்றார்.

"அவர் வந்துரட்டுமே அண்ணே."

"போடுன்னா போடு. யாராவது கேட்டா நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. ஞாபகம் வச்சுக்க."

முதல் வரிசையின் திறந்த முனையில் போய்க் குந்தினார். கலங்கிய தண்ணீரோடு வெள்ளைச் சீவல் கொத்தாக வந்து அவர் காலில் ஒட்டியது. தண்ணீர் தெளிந்ததும் மூடிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். அங்கிருந்து அதற்கடுத்தது. மாப்பிள்ளையை வாய்க்குள் திட்டுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை, வரிசைக்கு ஒரு வசவு.

நாற்பத்தெட்டாவது மூடியை இறுக்குவதற்கு முன், உள்ளே வாஷர் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.