ஒரேஞ்ச் ஜெக்கட்டும் ஒன்பதாம் ஸ்லொட்டும்

1. முதல் நாள்

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் எனக்கு மூன்று சாமான் தந்தார்கள். ஒரு டிக்கட் புத்தகம், இடுப்பில் கட்டுகிற காசுப் பை, பளபளவென்று மின்னுகிற ஒரேஞ்ச் ஜெக்கட் ஒன்று. ஜெக்கட் ஆம்பிளை அளவு. எனக்கு அது முழங்கால் வரை வந்தது. மறுநாள் காலை எங்கள் ஊர் மாம்புரியில் பஸ் ஏறும்போதே அதைப் போட்டுக்கொண்டேன். எந்த இடத்தில் றோட்டு வேலை நடக்கிறது என்று கொண்டக்டர் கேட்டார். றோட்டு வேலை இல்லை, புத்தளம் டவுனில் பார்க்கிங் டிக்கட் கிழிக்கப் போகிறேன் என்றேன். அவர் மிச்சக் காசைத் தரும்போதும் சிரித்துக்கொண்டுதான் தந்தார்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் நீங்கள் கையில் மெசினோடு வருகிறீர்கள். நம்பரை அடித்தால் டிக்கட் வெளியே வருகிறது. அன்றைக்கு அப்படியில்லை. யுத்தம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. றோட்டுகள் திறந்து, வடக்குக்குப் போகிறவர்களும் கல்பிட்டிக்கு டொல்பின் பார்க்கப் போகிறவர்களும் டவுனில் இறங்கி ஏறினார்கள். கடைத் தெருவில் ஓட்டோ திரும்பக்கூட இடம் இல்லை. வாகனம் நிறுத்தக் காசு வாங்குவதற்கு நகர சபை டெண்டர் போட்டது. சிலாபத்துச் சிங்களக் கொந்தராத்துக்காரர் பெர்னாந்து மாத்தையா அதை எடுத்தார். தெருவோரம் வெள்ளைக் கோடு போட்டு, ஸ்லொட் ஸ்லொட்டாகப் பிரித்து, நம்பரும் எழுதினார்.

அந்த வேலைக்கு அவர் அதுவரை பெண்களை எடுத்ததில்லை. நான் வேலை செய்த இறால் கொம்பனி மூடிவிட்டது. கச்சான் காற்று தொடங்கினால் என் புருஷன் கடலுக்குப் போக முடியாது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிய வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஹரி, ஒரு மாசம் செய்து பாருங்க தங்கச்சி. தெரு சரியா ஓடினா வேலை உங்களுக்கு. ஓடாட்டி நான் ஆம்பிளை ஒருத்தரைப் போடுவன். பிறகு என்னோட கோவிக்க வேணாம்" என்றார்.

கோபித்து என்ன செய்ய? அவருடைய சிங்கள ஹரிக்கு நானும் சரி என்றேன்.

2. வாப்பா காலத்து இடம்

ஒன்பதாம் ஸ்லொட் ஹனீபா முதலாளியின் புடவைக் கடைக்கு நேர் முன்னால் இருந்தது. வாகை மரத்தின் நிழல் விழுகிற, தெருவிலேயே நல்ல இடம். முதலாளியின் வேன் காலையில் வந்து நின்றால் கடை பூட்டும்போதுதான் நகரும். முதல் நாளே டிக்கட் கிழித்து வைப்பரில் செருகிவிட்டு, கடைக்குள் போய் சலாம் சொல்லிக் காசு கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. இருக்கச் சொல்லிக் கதிரை போட்டார். தேத்தண்ணியும் வந்தது. பிறகுதான் கதையைத் தொடங்கினார்.

"என்ட கட வாசல்ல என்ட வேன் நிக்கிறத்துக்கு நான் ஏன் புள்ள காசு தரணும்? எங்கட வாப்பாட காலத்துல இதே எடத்துல மாட்டு வண்டி நின்டிச்சு. அப்ப ஆரும் டிக்கட் கிழிக்கல்ல."

தெரு சபைக்குச் சொந்தம், வாசற்படி வரைதான் கடைக்குச் சொந்தம் என்று எனக்குச் சொல்லித் தந்ததை நானும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு இன்னொரு தேத்தண்ணிக்குச் சொன்னார். காசு மட்டும் வரவில்லை.

அவர் ஒருவர் என்றால் பரவாயில்லை. அந்தத் தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இரும்புக் கடையில் கேட்டேன், பேக்கரியில் கேட்டேன், பாமசியில் கேட்டேன். ஹனீபா முதலாளி தந்தால் தாங்களும் தருவார்களாம். வெளியூர் வாகனங்களிடம்தான் காசு வாங்க முடிந்தது. அவை நிற்க ஸ்லொட் இருந்தால்தானே! எல்லா ஸ்லொட்டிலும் கடைக்காரர்களின் வாகனங்களே நின்றன.

நான் விடவில்லை. ஒவ்வொரு நாளும் வேனில் டிக்கட் செருகினேன். அதனால் தேத்தண்ணியும் ஒவ்வொரு நாளும் குடித்தேன். ஒரு காலை பார்த்தால் வேனைக் காணவில்லை. கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைக்குள் போட்டுவிட்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்து பெரிய சந்தோஷத்தோடு ஒன்பதாம் ஸ்லொட்டுக்குப் போனேன்.

அங்கே ஒரு கழுதை நின்றது.

3. டிக்கட் கிழிக்க முடியாத வாகனம்

புத்தளத்துக் கழுதைகளை உங்களுக்குத் தெரியும். ஒருவருக்கும் சொந்தமில்லை, ஒருவரும் விரட்டுவதுமில்லை. அவை பாட்டுக்குத் தெருவில் நடக்கும், நிற்கும், நினைத்த இடத்தில் படுக்கும். பெர்னாந்து மாத்தையாவின் ஆட்கள் கோடு போட வந்தது வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம். கடைகள் பூட்டி, தெரு வெறிச்சென்று கிடக்க, இடம் தாராளமாக இருக்கிறதே என்று வரிசையாகக் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மற்ற நாட்களில் கழுதைகள் வெயிலுக்கு ஒதுங்குகிற நிழலுக்கு மேலேதான் கோடு போகிறது என்று சிலாபத்தில் இருந்து வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதாம் ஸ்லொட்டில் நின்றது மூக்கு வெள்ளையான ஒரு கிழட்டுப் பெண் கழுதை. வெள்ளைமூக்கி என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அதன் காலடியில் வாழைப்பழத் தோலும் முட்டைக்கோவா இலையும் கிடந்தன. கடையில் வேலை செய்கிற நௌபல் கூடையோடு உள்ளே போவதையும் கண்டேன். விஷயம் விளங்கிவிட்டது. மத்தியானம் சரக்கு வந்ததும் நௌபல் ஒரு பழத்தைக் காட்டி அதை நகர்த்துவான். வேன் உள்ளே வந்து சரக்கை இறக்கிவிட்டுப் போகும். உடனே வெள்ளைமூக்கி பழைய இடத்துக்கு வந்துவிடும். இடத்தைப் பிடித்து வைக்க இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

"அக்கா, அதுக்கு டிக்கட் கிழிச்சிட்டீங்களா?" என்று ஓட்டோக்காரர்கள் கேட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு கிழமைக்குள் பேக்கரி பாண் துண்டு போட்டது, இரும்புக் கடை பூசணித் தோல் போட்டது. பாதித் தெருவைக் கழுதைகள் பிடித்துவிட்டன. பின்னேரம் காசுப் பையைக் கொண்டுபோய்க் கொடுக்கவே வெட்கமாக இருந்தது. மாதமும் முடியப் போகிறது.

4. பீட்றூட் இலை

என் அண்ணா மாம்புரியில் தோட்டம் செய்கிறவர். அப்போது பீட்றூட் பிடுங்குகிற நேரம். இலையை வரப்பில் குவித்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. அவர்கள் தோல் போட்டு வரவைத்தால் நான் இலை போட்டு அனுப்பிவிடுகிறேன். மறுநாள் ஒரு சாக்கு நிறைய இலையை பஸ்ஸில் ஏற்றினேன். மரக்கறி லொறியில் போயிருக்கலாமே என்று கொண்டக்டர் முணுமுணுத்தார்.

உப்புத் தண்ணீர்க் களப்பின் கரையில், சந்தைக்குப் பின்னால் ஒரு வெறும் வளவு இருக்கிறது. தெருவில் நின்ற கழுதைகளுக்கு இலையைக் காட்டிக் காட்டி அங்கே கூட்டிக்கொண்டு போனேன். பச்சை இலைக்கு முன்னால் பழத்தோல் எம்மாத்திரம்? ஸ்லொட்டுகள் காலியாகின. வெளியூர் வாகனங்கள் வந்து நின்றன. அன்றைக்குப் பை கனத்தது. கையில் பீட்றூட் சாயம் இரண்டு நாளாகப் போகவில்லை, ஆனாலும் எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை அந்த வாரம் முடியும் வரைகூட நிற்கவில்லை. ஒரு காலை பஸ்ஸால் இறங்குகிறேன், பஸ் ஹோல்ட்டில் வெள்ளைமூக்கி நிற்கிறது. பின்னால் அதன் கூட்டம். சாக்கு இல்லை, இலையும் முடிந்துவிட்டது. ஆனாலும் நான் நடக்க அவையும் நடந்தன, நான் நிற்க அவையும் நின்றன. ஒரு காருக்கு டிக்கட் எழுதக் குனிந்தால் காரைச் சுற்றிக் கழுதை. உள்ளே இருக்கிறவர் கதவைத் திறக்க முடியாமல் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருப்பார். தலவில தேவாலயத் திருவிழாவில் சுரூபத்துக்குப் பின்னால் சனம் வருகிற மாதிரி எனக்குப் பின்னால் கழுதைகள் வந்தன. தெருவெல்லாம் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அடுத்த நாள் பெர்னாந்து மாத்தையா வந்து முடிவு சொல்வதாக இருந்தார்.

5. மாத்தையா வந்த நாள்

அன்றைக்கு ஒன்பதாம் ஸ்லொட்டில் ஒரு கார் நின்றது. கல்பிட்டிப் பக்கத்துக் கலியாண வீட்டார். கழுதைகள் என் பின்னால் அலைந்ததால் அந்த இடம் காலியாக இருந்தது. காரில் போகும்போது கண்ணில் பட்டு நிறுத்தினார்களாம். உள்ளே ஹனீபா முதலாளி பெட்டி பெட்டியாகத் திறந்து சாரிகளை விரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய வியாபாரம் அந்த மாதத்தில் நடக்கவில்லை என்று பிறகு நௌபல் சொன்னான்.

அந்தக் காருக்கு டிக்கட் கிழிக்க நான் போனேன். நான் போனால் அவையும் வரும் அல்லவா? வெள்ளைமூக்கி வாசலில் தொங்கிய லேஸ் வைத்த சால்வையை ஒரு கடி கடித்து மெல்லத் தொடங்கியது. துணி அளக்கிற கோலோடு முதலாளி பாய்ந்து வந்தார். இன்றைக்கு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் கோலை ஓங்கவில்லை. கழுதைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் ஜெக்கட்டைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க நிறம் விற்ற மனுஷன் அல்லவா!

"புள்ள, இதுகள் ஒன்ட பின்னால வரல்ல. அந்த ஒரேஞ்ச் ஜெக்கட்டுக்குப் பின்னால வருது, இல குடுத்தது அந்த நெறந்தானே. அதக் கழட்டித் தா."

சட்டைக்கு மேல் போட்ட ஜெக்கட்தானே, கழற்றிக் கொடுத்தேன். அதைக் கோலின் நுனியில் மாட்டி நௌபலிடம் கொடுத்தார். நௌபல் கோலைத் தூக்கிக்கொண்டு களப்புப் பக்கம் நடந்தான். சால்வையின் மிச்சம் வாயில் தொங்க வெள்ளைமூக்கி திரும்பியது. கூட்டம் முழுவதும் திரும்பி அவன் பின்னால் போனது. என்னை ஒரு கழுதையும் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

அந்த நேரம்தான் பெர்னாந்து மாத்தையாவின் ஜீப் வந்தது. தன் கொம்பனி ஜெக்கட் ஒரு கோலில் ஏறிக் கழுதைகளோடு போவதைக் கண்டார். அதைப் போட்டிருக்க வேண்டியவள் வெறும் சட்டையோடு நிற்பதையும் கண்டார்.

"ஜெக்கட் இல்லாம காசு எடுக்க ஏலாது தங்கச்சி. அது சபைச் சட்டம். ஜெக்கட் இல்லாத ஆளுக்கு யார் காசு தருவாங்க?" என்றார்.

ஒரு மாதம் வெயிலில் நின்றது, சாக்குத் தூக்கியது, தெரு முழுக்கச் சிரிக்கக் கேட்டது எல்லாம் ஒரு ஜெக்கட்டோடு போகப் போகிறதே என்று நின்றேன். வீட்டில் புருஷனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

ஹனீபா முதலாளி கலியாண வீட்டுக் காரைப் பார்த்தார். காலியாகிக் கிடந்த ஸ்லொட்டுகளில் வந்து நிற்கிற வாகனங்களைப் பார்த்தார். பிறகு சேர்ட் பையில் இருந்து காசை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நான் தாறன். ஒழுங்கைக்குள்ள நிக்கிற வேன இனி இங்கதான் போடுவன், சரக்கு எறக்கிற நேரத்துக்கு மட்டும். அதுக்கு இந்தா காசு. கிழி புள்ள டிக்கட்ட."

அவசரத்தில் டிக்கட்டைக் கோணலாகக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, எல்லோருக்கும் தெரிய மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டார். இரும்புக் கடைக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார். பேக்கரியில் இருந்து ஆள் வந்தது. பெர்னாந்து மாத்தையா ஜீப்பில் சாய்ந்துகொண்டு "ஹரி, ஹரி" என்று மட்டும் சொன்னார். வேலை எனக்குத்தான் என்பது அதற்கு அர்த்தம்.

6. நீலம்

மறுநாள் முதலாளி தன் கடையிலேயே நீலத் துணியில் ஒரு ஜெக்கட் தைத்துத் தந்தார். என் அளவுக்குத் தைத்தது. பழைய ஒரேஞ்ச் ஜெக்கட்டைக் களப்புக் கரை வளவில் ஒரு கம்பத்தில் கட்டினோம். சந்தைக்காரர்கள் கழிவு இலையை அங்கேயே கொட்ட ஒத்துக்கொண்டார்கள். கழுதைகள் நாள் முழுக்க அந்த ஜெக்கட்டைச் சுற்றியே நிற்கும். ஜெக்கட் வெளுத்தால் இன்னொன்று கட்டுவோம். நீலத்தை அவை திரும்பியும் பார்ப்பதில்லை.

வருடங்கள் போய் டெண்டர் வேறு ஒரு கொம்பனிக்குப் போனது. புது மனேஜர் தன் ஆட்களையே கொண்டுவந்தார். பழைய ஆட்கள் மாத முடிவோடு வேலையை விட்டு நிற்கலாம் என்றார். புது ஆட்களுக்குப் புது ஜெக்கட்டும் கொடுத்தார். ஒரேஞ்ச். சேர், அந்த நிறம் மட்டும் வேண்டாம் என்றேன். கொம்பனி நிறம் அதுதானாம். வீட்டுக்கு வந்து நன்றாக நித்திரை கொண்டேன்.

மறுநாள் காலை நான் பஸ்ஸால் இறங்கும்போது தெருவே தெரியவில்லை. ஒவ்வொரு புது ஆளைச் சுற்றியும் ஒரு கூட்டம். கிழட்டு வெள்ளைமூக்கி மனேஜரின் காருக்கு முன்னால் நின்றது. அவரும் ஒரேஞ்ச் ஜெக்கட் போட்டிருந்தார், பாவம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, இதற்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்டார்.

நான் அன்றைக்குச் சுப்பர்வைசர் ஆனேன். இன்னும் அந்த வேலைதான். உங்களைப் போல புதிதாக வருகிற பிள்ளைகளிடம் முதல் நாள் டிக்கட் புத்தகம் கொடுக்க மாட்டேன். தெருவில் காலையில் இருந்து பின்னேரம் வரை சும்மா நின்று, யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரச் சொல்வேன். வெள்ளிக்கிழமையில் மட்டும் அனுப்புவதில்லை.

மனேஜருக்கு அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "நீலம், சேர். துணி ஹனீபா முதலாளியிட்ட இருக்கு. காரை ஒன்பதாம் ஸ்லொட்டில போட்டுட்டுப் போய் வாங்குங்க. டிக்கட் நான் கிழிக்கிறன்."