மறுபடி தோண்டிய குழி

கோட்டுச்சேரியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பூமிநாதனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், கேட்பாரற்ற பிணம் ஒன்று கிடக்கிறதென்று அர்த்தம். கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். கூடவே மினி வேன் ஓட்டும் செம்பியனும். போலீஸில் அனுமதி வாங்கி, குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தி, சூடம் கொளுத்திப் புதைப்பார்கள். படம் மட்டும் எடுக்கக் கூடாதென்பது பூமிநாதனின் கண்டிப்பு.

பஸ் ஸ்டாண்டில் விழுந்து செத்த தெட்சிணாமூர்த்திக்கு விழிதியூரில் மகன் இருந்தான், சிலம்பரசன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டபோது அவன் போனை எடுக்கவில்லை. வேனுக்குள் செம்பியன் பக்கத்தில் உட்கார்ந்து பூமிநாதன் தன் போனிலிருந்து கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

“அப்பா தவறிட்டாருங்க தம்பி. வந்து ஒரு பிடி மண்ணு போட்டுட்டுப் போங்க.”

“எங்களை விட்டுட்டு ஓடுன ஆளு அது. நீங்களே புதைச்சிருங்க.”

மகன் வேண்டாமென்றுவிட்டானென்று ஸ்டேஷனில் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுமதி வாங்கிப் புதைத்தார்கள். செம்பியன் திருட்டுத்தனமாக ஒரு படம் எடுத்து, ‘பிள்ளை கைவிட்ட தகப்பனை அடக்கம் செய்தோம்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். அது விழிதியூரைச் சுற்றியது. ஊர் காறித் துப்பியதும் சிலம்பரசன் பங்காளிகளோடு ஸ்டேஷனுக்கு வந்து கத்தினான்: “யாரைக் கேட்டு எங்கப்பாவைப் புதைச்சாங்க?”

போலீஸ் கூப்பிட்டு வந்த பூமிநாதன் பதறவில்லை. சாட்சிதான் பக்கத்திலேயே நிற்கிறதே. “சொல்லுடா செம்பியா, நீயும்தானே கேட்ட?”

செம்பியன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். அண்ணன் கூப்புட்டாரு, வண்டி ஓட்டுனேன். படமும் அவரு சொல்லித்தான் போட்டேன்.”

தாசில்தார் முன்னிலையில் குழியைத் தோண்டினார்கள். இடத்தைக் காட்டியது பூமிநாதன்தான். மேளம், மாலை, வெடி என்று பிணம் விழிதியூருக்குப் போனது. சிலம்பரசன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். பூமிநாதனைப் போலீஸ் எச்சரித்து அனுப்பியது.

கடை வாசலில் செம்பியன் வந்து நின்றான். “கேஸுன்னா வண்டியைப் புடிச்சு வச்சுப்பாங்கண்ணே. பயந்துட்டேன்.”

“பயந்து வாயை மூடியிருந்தாக்கூட பொறுத்திருப்பேன்டா. பழியை என்மேல போட எப்படிடா வாய் வந்துச்சு?”

அதன்பிறகு அவனோடு பேச்சில்லை.

அடுத்த போன் ஒரு கிழவிக்காக வந்தது. நெரவியில் தம்பி இருக்கிறானாம், வேண்டாமென்று சொல்லிவிட்டானாம்.

“அவரு ஸ்டேஷனுக்கு நேர்ல வந்து சொல்லட்டுங்க. அப்புறம் வர்றேன்” என்றார் பூமிநாதன்.

தம்பி வரவில்லை. கிழவி பிணவறையிலேயே கிடந்தாள். பூமிநாதன் ஒட்டி முடித்த டியூபையே திரும்பத் திரும்பத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.