அரை நொடிக்கு ஒரு ஜோடி டயர்

கால் மைல் தூரத்தை என் கார் பதினான்கே முக்கால் நொடியில் கடக்கும். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து பனகல் பார்க் பக்கத்தில் உள்ள என் அலுவலகத்துக்குப் போக அதே காருக்கு ஐம்பது நிமிடம் ஆகும். இந்த இரண்டில் எதைக் குறைக்கப் பார்ப்பது புத்திசாலித்தனம் என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

கார் என் வயதுக்குப் பொருத்தமானதல்ல. ஜெர்மன்காரர்கள் செய்தது, டர்போ உள்ளது, பின்சக்கரங்கள் தள்ளி ஓடுவது. முதுகுவலி வந்துவிட்ட ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ‘டிராக் ரேஸ்’ என்கிற கால் மைல் ஓட்டம் நடக்கும். பணம் கட்டிவிட்டு வரிசையில் போய் நிற்பேன். பக்கத்துக் கார்க்காரர்கள் மரியாதையாக ‘அங்கிள்’ என்பார்கள். பச்சை விளக்கு விழுந்ததும் அங்கிளின் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றும், புகை வரும், கார் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்பும். அந்த யோசனைக்கு ஆகிற நேரம் சுமார் அரை நொடி. அதை மிச்சம் பிடித்துத் தருவதுதான் டிராக் ரேடியல் டயரின் வேலை.

மெத்தென்ற ரப்பர். சூடேறினால் தரையைப் பசை போட்டது மாதிரிப் பிடித்துக்கொள்ளும். தரையைத் தொடும் ரப்பர் அதிகமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளங்களைக் குறைத்துவிடுவார்கள். டயரில் பள்ளங்கள் இருப்பது தண்ணீர் வெளியேறுவதற்கு. ஆகவே இந்த டயர் எந்த ஊரில் ஓடக் கூடாது என்பதற்கு ஐப்பசி கார்த்திகைச் சென்னையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. என் தொழிலே காகிதத்தில் ஆபத்தைத் தேடுவதுதான். வக்கீல் என்றாலும் கோர்ட்டுக்குப் போகிறவன் அல்ல. வீடு வாங்குகிறவர்கள் கொண்டுவரும் தாய்ப் பத்திரங்களைப் படித்து வில்லங்கம் இருக்கிறதா என்று சொல்கிறவன். முப்பது வருஷத்துக்கு முந்தைய பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாமல் விட்ட அத்தையைக் கண்டுபிடித்துவிடுவேன். டயர் கம்பெனியின் எச்சரிக்கைத் தாளையும் முழுக்கப் படித்தேன். ‘தண்ணீர் தேங்கிய, ஈரமான சாலைகளுக்கு உகந்ததல்ல.’ படித்துவிட்டு மடித்து மேசை டிராயரில் வைத்தேன்.

இணையத்தில் இதற்கென்று உட்கார்ந்து சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தினமும் ஓட்டுகிற காருக்கு டிராக் ரேடியல் போடலாம் என்பவர்கள் ஒரு கட்சி, கூடவே கூடாது என்பவர்கள் மறு கட்சி. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடிய ஆவேசத்தோடு எழுதுகிறார்கள். மூன்று வாரம் இரண்டு தரப்பையும் படித்தேன். நடுநிலையோடுதான் படித்தேன், முடிவை மட்டும் முதல் நாளே எடுத்துவிட்டேன்.

இதில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாறில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறாள். முந்தின வருஷ மழையில் மந்தைவெளியில், ரோட்டில் வெள்ளைக்கோடு போட்ட இடத்தில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தாள். முழங்கால் ஜவ்வு கிழிந்து நான்கு மாதம் வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு ஸ்கூட்டரைத் தொடவில்லை. பஸ்ஸில் ஏறக் கால் மடங்கவில்லை. தூறல் விழுந்தால் எதிர்ப்பக்கக் கடைக்குக்கூடப் போக மாட்டாள். ஈர ரோட்டில் அவள் நம்பி உட்கார்ந்த வண்டி ஒன்றே ஒன்று. அதன் பின்டயர்களைத்தான் நான் மாற்றப் போனேன்.

டயர் கடை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். மூன்று விதமான டயர்களைக் காட்டினார். ஒன்று, நல்ல ரோட்டு டயர். வேகத்துக்கும் ஆகும், மழைக்கும் ஆகும், அதனாலேயே அதில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டாவது டிராக் ரேடியல், ஓரத்தில் கொஞ்சம் பள்ளம் இருந்தது. மூன்றாவதும் டிராக் ரேடியல்தான், நடுவில் இரண்டு கோடு, மற்றபடி மொழுமொழுவென்று இருந்தது.

“இன்னா சார், டெய்லி ஓட்ற வண்டிக்கா கேக்கற?” என்றார்.

“ஆமாம்.”

“ஊட்ல சொல்லிட்டியா?”

“இதில் வீட்டில் சொல்ல என்ன இருக்கிறது?”

“அதான் கீது. அந்த மொழுக்க டயரு வாணாம். இத்த எட்த்துக்கோ, இதுல அப்டி இப்டி கொஞ்சம் பட்டன், பள்ளம் கீது. அதுவும் இப்ப மாட்டாத. மழ முடிஞ்சு தைல வா, நானே மாட்டித் தரேன். இப்ப மாட்டினேன்னு வெச்சுக்கோ, தண்ணில வண்டி நீ சொல்றத கேக்காது. பின்னாடி தனியா ஒரு டிரைவர் ஒக்காந்துகினு ஓட்ற மாதிரி இருக்கும்.”

இவ்வளவு தெளிவாக ஒருவர் சொன்ன பிறகும் நான் செய்ததை எங்கள் ஊர்க்காரன்தான் செய்வான். அன்றைக்கு ஆயுத பூஜைக்கு முந்தின நாள். நாளை மறுநாள் விஜயதசமி. எனக்கு நல்ல நாள், நல்ல நேரத்திலெல்லாம் நம்பிக்கை இல்லை. அலுவலகத்தில் ராகு காலத்தில் பத்திரம் படிக்க மறுக்கும் கட்சிக்காரர்களைக் கேலி செய்கிறவன். ஆனால் விஜயதசமியில் தொடங்கியது விளங்கும் என்பது நம்பிக்கை என்ற கணக்கிலேயே வராமல் உடம்பில் எங்கோ ஊறிக் கிடக்கிறது. அந்த நாளை விட்டுவிட்டுத் தை வரை காத்திருப்பது பந்தியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவது மாதிரி இருந்தது. வடகிழக்குப் பருவமழை ஏறக்குறைய அதே வாரத்தில் தொடங்கும் என்பதைப் பஞ்சாங்கக்காரர்கள் கவனித்திருக்கலாம். நானும் கவனித்திருக்கலாம்.

விஜயதசமி காலையில் முதல் போணி நான்தான். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். பின்னால் இரண்டும் அவர் சொன்ன, ஓரத்தில் பள்ளம் வைத்த டிராக் ரேடியல், முன்னால் பழைய டயர்.

வீட்டில் மனைவி கேட்டாள்: “புது டயரா? நல்ல டயர்தானே?”

“நல்ல டயர். பிடிப்பு இரண்டு மடங்கு.”

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பத்திரங்களில் நான் பார்த்த மோசடிகளில் பாதி, ஒரு சொல்லும் பொய் இல்லாதவைதான்.

அடுத்த பத்து நாள் வெயில். டயர்கள் சூடாகி மயிலாப்பூரை ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. கோலப்பொடி, மல்லிகைச் சரம், யாரோ திருஷ்டி சுற்றிப் போட்டு உடைத்த பூசணிக்காயின் விதைகள், எல்லாம் வீட்டுக்கு வந்தன. வளைவுகளில் காரின் பின்பக்கம் லேசாக ஊஞ்சலாடியது. சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் யோசிக்காமல் கிளம்பியது. பனகல் பார்க்கில் அந்த வேகத்தோடு பதினைந்து அடி போய் அடுத்த பஸ்ஸின் பின்னால் நின்றேன். மிகவும் திருப்தியாக இருந்தது.

பதினொன்றாம் நாள் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. ராத்திரி முழுக்கப் பெய்து, காலை ஆறரைக்கும் நிற்கவில்லை. பள்ளிக்கு லீவு விடுவார்கள் என்று மனைவி டிவியைப் பார்த்துக்கொண்டே தலை பின்னினாள். விடவில்லை. நான் லீவு போடச் சொன்னேன். “செய்முறைத் தேர்வு வருது, எப்படிங்க?” என்றாள். ஆட்டோ பிடிக்கலாமே என்று சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. கார் இருக்கும்போது எதற்கு என்று கேட்பாள். அதற்குச் சொல்ல வேண்டிய பதில் மேசை டிராயரில் இருந்தது. சாவியை எடுத்தேன்.

மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தடுப்புகளை ஒட்டி, மாட்டுவண்டி வேகத்தில் போனேன். அவள் முன் சீட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஓடுகிற காரில், அதுவும் மழையில், அவள் பேனாவை எடுத்தது விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போது உறைத்தது.

அடையாறு பாலத்துக்கு முன்னால் ரோட்டில் மெல்லிய தகடாகத் தண்ணீர் நின்றது. வேகம் முப்பதைத் தாண்டவில்லை. லேசாகத் திருப்பினேன். முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் திரும்பாமல் நேராகப் போனது. அதனால் கார் மெதுவாக, ஆற அமர, குறுக்கே சுற்றியது. கண்ணாடி வழியாக ஒரு தண்ணீர் லாரி, ஒரு பேனர், நாங்கள் வந்த ரோடு என்று வரிசையாகப் பார்த்தேன். வந்த திசையைப் பார்த்தபடி நின்றோம். எதிலும் இடிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் தூரத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான் காரணம்.

பேனா விடைத்தாளில் ஒரு நீளமான சிவப்புக்கோடு போட்டிருந்தது. அதைப் பார்த்தாள்.

“ஓரமா நிறுத்துங்க.”

நிறுத்தினேன். குடையை விரித்து, வலது காலை ஜாக்கிரதையாக ஊன்றி இறங்கினாள். மழையில் நடக்காதவள் இருபது அடி நடந்து ஓர் ஆட்டோவைக் கைகாட்டி ஏறிக்கொண்டாள். நான் காரைத் திருப்பி, பள்ளி இருக்கும் சாஸ்திரி நகர் வரை அந்த ஆட்டோவின் பின்னாலேயே போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆட்டோவின் பின்டயர்கள் என் கண்ணெதிரே உருண்டன. என் டயரில் பெயருக்காவது பள்ளம் இருந்தது. அதில் அதுவும் இல்லை, உள்நூல் தெரிந்தது. இந்த நியாயத்தைச் சாயங்காலம் எடுத்து வைக்கலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் எடுத்து வைத்தேன்.

“தெரியும். ஏறும்போதே பாத்தேன்” என்றாள். “ஆனா ஆட்டோக்காரர் எங்கிட்ட நல்ல டயர்னு சொல்லலியே.”

டிராயரைத் திறந்து அந்தத் தாளைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“இது வாங்கறதுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“பின்னாடி மட்டும் இத மாட்டினா முன்னாடி டயரவிடப் பின்டயர் முதல்ல பிடிய விடும். அப்ப வண்டி சுத்தும். எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உராய்வுதான் இந்த வாரம் ரிவிஷன்.” தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம். வகுப்பில் சொல்வது போலச் சொன்னாள்.

மறுநாள் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். காரை ஒரு சுற்று சுற்றி வந்து, அடி ஏதும் படவில்லை என்று பார்த்துக்கொண்டு, “அண்ணி நல்லா கீறாங்களா?” என்றார். பிறகு அவர் முதலில் காட்டிய ரோட்டு டயரை எடுத்தார். நாலு சக்கரத்துக்கும் போடச் சொன்னேன்.

ஒரு வாரம் அவள் ஆட்டோவில் போனாள். எட்டாம் நாள் காலையில் கீழே வந்து, காரின் பின்டயர் அருகே சிரமப்பட்டுக் குனிந்து, பள்ளத்துக்குள் விரல் நகத்தை விட்டுப் பார்த்தாள். நாலு டயரையும் அப்படியே பார்த்தாள். முன்கதவைத் திறந்து வைத்தேன். அவள் பின்கதவைத் திறந்து, என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்னும் பின்சீட்டில்தான் வருகிறாள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போது, “இன்னா சார், அம்மாவுக்கு டிரைவர் வேலையா?” என்று தினமும் கேட்கிறார். நானும் தினமும் சிரிக்கிறேன். விடைத்தாள்களைக் கொண்டுவருவதில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். அடையாறு பாலம் வரும்போது மட்டும் என் சீட்டின் முதுகில் அவள் கை வந்து ஊன்றும், பாலம் தாண்டியதும் எடுத்துவிடுவாள். அதுவரை இருபத்தைந்துக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.