சும்மா பாத்தி

இடுப்பில் முரட்டுத் துணிப் படங்கைச் சுற்றிக் கட்டாமல் இராக்கம்மா சோளத்துக்குள் இறங்குவதில்லை. தேயிலைச் செடி சேலையைக் கிழிக்காமலிருக்க மலையில் கட்டுகிற படங்குக்குச் சோளத்தில் என்ன வேலை என்று கூட இருப்பவர்கள் கேலி பண்ணுவார்கள். “இது இல்லாட்டி இடுப்பு வெறிச்சோன்னு இருக்குங்க” என்பார். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்த இடுப்பு. தோட்ட வேலையிலிருந்து நின்ற பிறகும் பழக்கம் விடவில்லை.

இப்போது பதுளைக்குக் கீழே ஓர் ஆராய்ச்சிக் காணியில் அவருக்குப் புழு எண்ணுகிற வேலை. கேட்டால் சிரிப்பு வரும். செய்து பார்த்தால்தான் தெரியும். படைப்புழு குருத்துக்குள் புகுந்து தன் எச்சத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். இராக்கம்மா இரண்டு விரலால் குருத்தைப் பிளந்து, புழுவின் தலையில் கவட்டைக் கோடு இருக்கிறதா என்று பார்த்து, கொப்பியில் ஒரு கோடு போடுவார். சாயந்திரம் லயத்து வீட்டுக்குத் திரும்பினால் புருஷன் சின்னராசாவின் முதல் கேள்வி, “இன்னைக்கு எத்தன?” முன்பு கொழுந்து எத்தனை கிலோ என்று கேட்ட அதே வாய்.

காணியில் நாலு பாத்தி. ஒன்றுக்கு மருந்து அடிப்பார்கள், ஒன்றுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல், ஒன்றுக்குக் குருத்தில் சாம்பல். அடையாளத்துக்குச் சிவப்புக் குச்சி நட்ட நாலாவதுக்கு ஒன்றுமே கிடையாது. புழு தின்கிறவரைக்கும் தின்னட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதிகாரிகள் அதற்கு நீளமாக ஏதோ பெயர் சொல்வார்கள். இராக்கம்மாவுக்கு அது சும்மா பாத்தி.

போன பெரும்போகத்தில் அந்தச் சும்மா பாத்தி மருந்தடித்த பாத்திக்குச் சமமாகக் கதிர் பிடித்துவிட்டது. காணிக்குப் பொறுப்பான கலாராணி, முப்பதுகூட ஆகாத வெலிமடைப் பெண், கதிர்களை மூன்று தரம் நிறுத்துப் பார்த்தார். ஒன்றும் செய்யாமலே சோளம் விளையும் என்றல்லவா இது சொல்கிறது, இதை நம்பி விவசாயிகள் இருந்தால் அவர்கள் சோளக்காடு மொட்டையாகிவிடுமே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த இராக்கம்மா கையிலிருந்த கொப்பியைக் கீழே வைத்தார். யாரும் கேட்கவில்லை, தானாகவே போய்ச் சொன்னார்.

“நான்தான் மிஸ் நசுக்கிப் போட்டேன். எண்ணி எழுதிட்டுத்தான் நசுக்கினேன். கண்ணு முன்னாடி பச்சப்புள்ளயத் தின்னுது, பாத்துக்கிட்டு எப்புடி மிஸ் நிக்கிறது?”

ஒரு போகத்து உழைப்பு முழுக்கப் பாழ். ஆனாலும் கலாராணி திட்டவில்லை, வரப்பில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “அது எவ்வளவு நாசமாகுதுன்னு தெரிஞ்சாத்தான் அக்கா, மத்தது எவ்வளவு காப்பாத்துதுன்னு சொல்ல முடியும். அந்தப் பாத்தி எல்லாருக்குமாத்தான் அடி வாங்குது.”

நடந்ததை அப்படியே மேலிடத்துக்கு எழுதினார். இன்னும் ஒரே ஒரு போகம், இதுவும் பாழானால் சோதனையை நிறுத்திவிடுவோம், எண்ணுவதற்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று பதில் வந்தது. காணி போனாலும் போகட்டும், இராக்கம்மாவின் கண் வேறு யாருக்கும் வராது என்று கலாராணி ஒற்றைக்காலில் நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் இராக்கம்மா. இந்த நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை.

இந்தப் போகம் சும்மா பாத்தியின் இலைகள் சல்லடையாகிவிட்டன. இராக்கம்மா கடைசியாகத்தான் அங்கே போவார். “பொறுத்துக்கங்கடி” என்று சொல்லிவிட்டுத்தான் முதல் குருத்தைப் பிளப்பார். மத்தியானம் ரொட்டி தின்னும்போது அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவார். பெற்ற பிள்ளைக்கு ஊசி போடும்போது தாய் திரும்பிக்கொள்வாளே, அந்த வேதனைதான் அது.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பாத்தியில் எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு கொழுத்த புழு அவர் விரலோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கலாராணி காணியின் மறுகோடியில் இருந்தார், பார்க்க யாருமில்லை. கட்டைவிரல் தானாக மடங்கிப் புழுவின்மேல் வந்து நின்றது. பிறகு இராக்கம்மா கட்டைவிரலை விலக்கி, கையை அதே செடிக்குக் கொண்டுபோய், புழு தானாக உள்ளே இறங்கும்வரை குருத்தின் வாயில் விரலை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.